டி டிரைவும் அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களும்

பயம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் சாப்பிட்டுத் தள்ளுவார்கள். நான் சுத்தம் செய்வேன்.

அன்று காலை ஆறு மணிக்கெல்லாம் சமையலறை அலமாரியைக் காலி செய்து, ஒவ்வொரு டப்பாவையும் துடைத்து, பெயர் எழுதி ஒட்டி, திரும்ப அடுக்கி முடித்திருந்தேன். குளியலறைத் தரையைத் தேய்த்தேன். செருப்புகளைக்கூட ஜோடி பார்த்து வரிசையாக வைத்தேன். மணி எட்டரை. மாலை நான்கு மணிக்கு என் கணவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மறுநாள் காலை அவருடைய குரல்வளையை முழுசாக எடுத்துவிடுவார்கள். கட்டி அப்படி. எடுக்காவிட்டால் ஆள் மிஞ்ச மாட்டார். எடுத்தால் குரல் மிஞ்சாது. இதில் பேரம் பேச ஒன்றுமில்லை என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவர் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். துடைப்பதற்கு வீட்டில் வேறெதுவும் பாக்கியில்லை. அப்போதுதான் என் பாழாய்ப்போன கண் கம்ப்யூட்டர் மேல் விழுந்தது.

என் தொழில், படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் ஒலி சேர்ப்பது. திரையில் ஒருவர் கதவைத் திறந்தால் அந்தக் கிறீச் என்னுடையது. மழை பெய்தால் அந்த மழை என் கிடங்கிலிருந்து போனது. பன்னிரண்டு வருடமாக வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறேன். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் மாஸ்டர் ஆகிவிட்டார். என்னை அவர் கூப்பிடுவது 'சவுண்டு'. என் தொழிலை வைத்தா, என் வாயை வைத்தா என்று கேட்டால் சிரிப்பார்.

நோய் என்னவென்று தெரிந்ததும் மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு வழி சொன்னார். குரல் இருக்கும்போதே சில நூறு வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்து கொடுத்தால், பிற்பாடு அவர் கையால் தட்டுவதை அவர் குரலிலேயே பேசும்படி ஒரு கருவியைப் பழக்கித் தருவார்களாம். பட்டியலும் கொடுத்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்.

வீட்டில் எங்கே மைக்கை வைத்தாலும் மேல்வீட்டுத் தண்ணீர்க் குழாய் கேட்டது. "நம்ம வண்டியில உக்காந்து பேசினா என்ன?" என்று மாஸ்டர்தான் சொன்னார். கேட்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது, இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்! கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் நிறுத்திவைத்த கார் ஒரு நல்ல ஒலிப்பதிவு அறை. தெருவோரம் வண்டியை நிறுத்தி, நான் ஓட்டுநர் இருக்கையிலும் அவர் வழக்கம்போல் பக்கத்து இருக்கையிலும் உட்கார்ந்து, கையடக்க ரெக்கார்டரில் பதினோரு நாள் பதிவு செய்தோம். பயிற்சி வண்டி என்பதால் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வாய் திறந்தால் கால் தானாக அதை மிதித்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு 'டொம்'.

"கால சும்மா வையுங்க மாஸ்டர்!"

"இருபது வருஷமா அந்தக் காலுதான் எத்தனையோ பேரோட உயிரக் காப்பாத்தியிருக்கு. நீ சொன்னா கேக்குமா அது?"

பதிவு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் குரல் நாளுக்கு நாள் கரகரத்து, கடைசி வாரத்தில் பாதிக் காற்றும் பாதிச் சத்தமுமாக ஆகிவிட்டது. நல்ல குரல் எல்லாம் அந்தப் பதிவில்தான் இருந்தது. பயிற்சியாளர் இரண்டு தடவை போன் செய்து, "அப்படியே குடுத்துடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். நான் கொடுக்கவில்லை. என் கையிலிருந்து அழுக்காக ஒரு சத்தம் வெளியே போனதில்லை. ஒவ்வொரு 'டொம்'மையும் நானே எடுத்து, அட்மிஷன் அன்றைக்குப் பென் டிரைவில் கொண்டுவருகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையில் இடி விழ.

சுத்தம் செய்கிற கதைக்கு வருகிறேன். என் கம்ப்யூட்டரில் ஒரே ஹார்ட் டிஸ்க். சி என்ற சின்னப் பகுதியில் கம்ப்யூட்டர் இயங்குவதற்கானவை. டி என்ற பெரிய பகுதியில் மீதி எல்லாம், போட்டது போட்டபடி. ஒலிக் கிடங்கு, நடக்கிற வேலை, முடிந்த வேலை, மாஸ்டரின் பதிவு எல்லாம் ஒரே குப்பை. எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை: டி-யை அழித்து மூன்றாகப் பிரிக்க வேண்டும். கிடங்குக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, புதிதாகப் பதிவு செய்வதற்கு ஒன்று. சமையலறையில் டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டிய கை சும்மா இருக்குமா?

நான் முட்டாளில்லை. முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகல் எடுத்தேன். கிடங்கு போனது. வேலைகள் போயின. 'மாஸ்டர்' என்ற கோப்புறை போனது. அதை அந்த வெளி டிஸ்க்கிலிருந்தே திறந்தும் பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களும் வரிசையாக, பச்சை நிற அலைகளாக நின்றன. நடுவில் ஒன்றைத் தட்டினேன். "கதவைக் கொஞ்சம் சாத்துங்கள்" என்றார் மாஸ்டர், கணீரென்று. திருப்தியாக மூடினேன்.

டி-யை அழித்தேன். அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன். மூன்றாகப் பிரித்து, மூன்றுக்கும் பெயர் வைத்து, கிடங்கை முதல் பகுதிக்குத் திரும்ப நகலெடுக்கப் போட்டேன். அது ஓடத் தொடங்கியது. மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. அந்த லேசான மனசோடு, சும்மா ஒரு தடவை அவர் குரலைக் கேட்கலாமே என்று 'மாஸ்டர்' கோப்பைத் திறந்தேன்.

பச்சை அலைகள் வந்தன. தட்டினேன். சத்தமில்லை. ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்தேன். இன்னொன்றைத் தட்டினேன். அலைமேல் கோடு நகர்ந்தது; அவர் வாய் திறந்த இடம், மூச்சு விட்ட இடம், நான் வெட்டிய 'டொம்' இருந்த இடம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. காதுக்கு ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்னப் பெட்டி திறந்தது: 612 ஒலிக் கோப்புகளைக் காணவில்லை.



என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது அந்த நொடியே புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக இதைப் பற்றி ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருப்பவள் நான்தானே! ஒலி வேலை செய்கிற மென்பொருளில் நாம் திறந்து வைத்திருக்கிற கோப்புக்குள் ஒலியே இருக்காது. ஒலி எங்கே கிடக்கிறது என்ற குறிப்பும், அதன் அலைப் படமும்தான் இருக்கும். ஒலி வேறெங்காவது ஒரு மூலையில் கிடக்கும். அதையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வா என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வெறும் கோப்பை மட்டும் கொண்டுவந்து நிற்பவர்களை, "இது கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை எங்கய்யா?" என்று நான் கேட்காத நாளில்லை.

ரெக்கார்டரிலிருந்து அவர் குரலை நான் இறக்கிப் போட்டது டி-யில் 'வண்டி' என்ற இன்னொரு கோப்புறையில். அதை நகலெடுக்கவில்லை. ஏதோ தற்காலிகக் குப்பை என்று நினைத்தேன். காலையில் வெளி டிஸ்க்கிலிருந்து திறந்து சோதித்தபோது ஏன் பேசியது? டி அப்போது உயிரோடு இருந்தது. மென்பொருள் சத்தம் போடாமல் அங்கே போய் எடுத்துக்கொண்டு வந்து பேசியது. ரெக்கார்டர் கார்டையோ, முடிந்த அன்றே துடைத்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொண்டேன். பென் டிரைவில் கிளம்புவதற்கு முன்தான் போடுவதாக இருந்தேன்.

வாடிக்கையாளரின் செருப்புச் சத்தத்துக்கு நான் மூன்று நகல் வைப்பேன். கட்டியவர் குரலுக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. வீட்டு வேலைதானே என்ற அலட்சியம்.

'வண்டி' எங்காவது இருக்குமா என்று இருக்கிற எல்லா மூலையிலும் தேடினேன். மேசை இழுப்பறையில் பழைய கார்டுகளைக் கொட்டித் தேடினேன். போனில் தேடினேன். போனில் எப்படி இருக்கும்? பைத்தியக்காரி மாதிரி தேடினேன். இருபது நிமிடம் கழித்துத்தான் கடுகுக்குப் போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. கடுகு முன்பு என்னோடு வேலை பார்த்தவன். இப்போது அழிந்த டிஸ்க்குகளிலிருந்து மீட்டெடுப்பதே அவன் தொழில். ஆள் நாலே முக்கால் அடி. பேச்சில் காரம்.

சொல்லி முடிக்கவே விடவில்லை அவன். "அக்கா, கைய எடு. கீபோர்டுல இருந்து கைய எடு மொதல்ல."

"எடுத்துட்டேன்டா."

"அழிச்சா போயிடாது. சும்மா பேர்ப் பலகையத்தான் கழட்டியிருக்க. பொருள் அங்கதான் கெடக்கும். அதுமேல வேற எதையாவது எழுதினாத்தான் போச்சு. எழுதலயே?"

நான் திரையைப் பார்த்தேன். கிடங்கு முப்பத்தொரு சதவீதம் நகலாகியிருந்தது. நான் பைத்தியக்காரி மாதிரி இழுப்பறையைக் கொட்டிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடமும், எனக்குப் பின்னால் என் மழையும் என் கதவுகளும் என் காலடிகளும் அவர் குரல்மேல் ஏறிக்கொண்டிருந்திருக்கின்றன.

நிறுத்தினேன். அவனிடம் சொன்னேன்.  

"சரி. எவ்வளவு மேல ஏறியிருக்குன்னு பாத்தாத்தான் தெரியும்" என்றான். அவன் அனுப்பிய மீட்பு மென்பொருளை வெளி டிஸ்க்கில் வைத்து அங்கிருந்தே ஓட்டச் சொன்னான். ஓட்டினேன். டிஸ்க் முழுவதையும் ஒவ்வொரு துணுக்காகத் துழாவ ஆரம்பித்தது. மீதி நேரம்: எட்டு மணி பத்து நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐந்து. முடியும்போது இரவு ஏழேகால். அட்மிஷன் நான்குக்கு.

நாத்தனார் போன் செய்தாள். அவரைவிட எட்டு வயது இளையவள். அவர் கையைப் பிடித்து நடை பழகியவள். "அண்ணி, நான் நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன். எல்லாம் எடுத்து வச்சிட்டீங்களா?"

"வச்சிட்டேன்."

"அண்ணன் குரல பத்திரமா வச்சிருக்கீங்கல்ல, அண்ணி? அத நெனச்சுத்தான் நான் தைரியமா இருக்கேன்."

"ம்" என்றேன்.

மாஸ்டர் பன்னிரண்டரைக்கு எழுந்து வந்தார். உள்ளறை வாசலில் நின்று, "என்ன சவுண்டு, சத்தமே காணோம்?" என்றார். காற்றாகத்தான் வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் கழுத்து நரம்பு புடைத்தது.

நான் திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு திரும்பினேன். "வேலைங்க."

"மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"தூக்கமில்ல."

அவர் நாளைய ஆபரேஷனை நினைத்துத்தான் நான் இப்படி இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டார். வந்து என் தலைமேல் கை வைத்தார். "ஒண்ணும் ஆகாது. வீட்டுல ஒருத்தர் பேசமாட்டார், அவ்ளோதான். பேசறதுக்கு நீ ஒருத்தி பத்தாதா? அதான் எல்லாத்தையும் உன் பொட்டியில போட்டு வச்சிருக்கியே. அப்பறம் என்ன?"

எனக்கு அங்கேயே அவர் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. விழவில்லை. "நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றேன்.

இதை எழுதவே கூசுகிறது. அவரிடம் இன்னும் குரல் இருந்தது. கரகரப்போ காற்றோ, நாளைக் காலைவரை அது இருந்தது. நான் உடனே சொல்லியிருந்தால் மூன்றரை மணி நேரம் கிடைத்திருக்கும். மறுபடி காரில் உட்கார்ந்து, முடிந்த மட்டும் பதிவு செய்திருக்கலாம். நான் சொல்லவில்லை. டிஸ்க் துழாவுவது தானாகவே எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும், நான் செய்த காரியம் யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று அந்தச் சதவீத எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு. பத்தொன்பது. அழித்தது கைத்தவறு. மறைத்தது கைத்தவறில்லை. அவருக்கு என்மேல் கோபம் வந்துவிடுமோ என்ற பயத்தில், அவருக்கு மிச்சமிருந்த குரலை ஒன்றரை மணி நேரம் சும்மா ஓடவிட்டேன்.

இரண்டு மணிக்கு, அதுவரை கிடைத்தவற்றைத் தட்டிப் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் வந்தது. கோப்புகளுக்குப் பெயரில்லை, எண்தான். முதலாவதைத் தட்டினேன். படிக்கட்டில் ஏறும் காலடி, பழைய வேலை. இரண்டாவது இரும்புக் கதவு. மூன்றாவது வெறும் இரைச்சல். இப்படியே பதினாலு. பதினைந்தாவதில் 'டொம்' கேட்டது.

நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"எனக்கு வலது பக்கம்" என்றார் மாஸ்டர். மூன்று வாரத்துக்கு முந்தைய குரல், கணீரென்று. பிறகு மழை. வலிக்கிறது என்ற வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் மழை பெய்தது. என் கிடங்கு மழை. தகரக் கூரைமேல் விழுவது. நானே பதிவு செய்தது. அது நாலு நொடி கொட்டிவிட்டு அறுந்து நின்றது.

அடுத்ததைத் தட்டினேன். "நாளைக்கு" என்றார். மழை. அதற்கடுத்தது மழை மட்டும்.

உயிரோடு உள்ளே யாரோ மூழ்குவதைக் கேட்ட மாதிரி இருந்தது. அதற்குமேல் அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

அவர் படுக்கையில் பையை வைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். துண்டு, பல் துலக்கும் பிரஷ், பேச முடியாதபோது எழுதிக் காட்ட ஒரு நோட்டு, இரண்டு பேனா. அந்தப் பேனாக்களைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாக்களில் ஆரம்பித்து மழைவரை. ஒன்றரை மணி நேரம் மறைத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். முகம் வெளுத்துவிட்டது. நான் பார்த்தேன்; அவருக்கும் பயம்தான். அதுவரை அவருக்குப் பயம் இருந்ததாகவே எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு கைப்பிடி இருக்கிறது என்ற நம்பிக்கையில் இத்தனை நாள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார், அந்தக் கைப்பிடியை நான் பிடுங்கிவிட்டேன்.

"திட்டுங்க" என்றேன். "ரெண்டு அறை வேணும்னாலும் விடுங்க. இப்படி நிக்காதீங்க."

"இடிக்கறதுக்கு முன்னாடிதான் கத்துவேன்" என்றார். "இடிச்சப்பறம் கத்தினா என்ன பிரயோஜனம்? வண்டிய நிறுத்து, எறங்கு, யாருக்கு அடின்னு பாரு. அவ்ளோதான்." காரில் இடித்தவர்களிடம் அவர் சொல்வது இது. நூறு தடவை கேட்டிருப்பேன். "மணி என்ன?"

"ரெண்டே கால்."

"மெஷின எடு. வண்டிக்கு வா."

கண்ணாடிகளை ஏற்றினோம். வெயிலில் நின்ற வண்டி உள்ளே கொதித்தது. ஏசி போட்டால் சத்தம் என்பதால் போடவில்லை. முதல் வாக்கியத்திலேயே அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வெந்நீர் கொடுத்தேன். மறுபடி தொடங்கினார். 'டொம்'. "கதவைக் கொஞ்சம் சாத்துங்கள்." பழைய கணீர் எங்கே? இது துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது. ஆனால் அவர்தான், அவரில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கால் மிதிக்கிறதே என்று நான் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

இருபதாவது வாக்கியத்தில் பட்டியலைத் தூக்கிப் பார்த்தார். "இத எழுதினவரு கல்யாணம் ஆகாதவரு. பொண்டாட்டியோட சண்ட போட ஒரு வார்த்தகூட இல்ல பாரு."

"பேசாதீங்க! வாக்கியத்த மட்டும் பேசுங்க!" என்று கத்தினேன். சிரிப்பு வரவில்லை எனக்கு. அவருடைய ஒவ்வொரு வார்த்தையும் ஏதோ பாட்டிலின் அடியில் கிடக்கிற கடைசிச் சொட்டாகத் தெரிந்தது, சிந்திவிடக் கூடாது.

ஐம்பதைத் தாண்டியதும் வாக்கியங்கள் நடுவில் உடையத் தொடங்கின. உடைந்ததை மறுபடி பேசுவார். கைக்குட்டையில் துப்புவார். ஒரு தடவை அதில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "போதும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைப் பேசினார். எழுபத்து நான்காவது முடிந்தபோது மணி மூன்று இருபது. காகிதத்தைக் கீழே போட்டார்.

"இன்னும் ஒண்ணு. லிஸ்ட்டுல இல்லாதது."

"என்ன?"

அவர் நேரே முன்னால், ஆளில்லாத தெருவைப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார். டொம்!

"பிரேக்! பிரேக்!"

வண்டியே அதிர்ந்தது. அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் எப்படி வந்ததோ தெரியாது. நிற்கிற வண்டியில் நானும் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டேன். இரண்டாவது 'பிரேக்'கின் முடிவில் குரல் கிழிந்து, அப்படியே நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தபோது காற்று மட்டும்தான் வந்தது.

"மூளை இருக்கா உங்களுக்கு? இன்னும் பத்து வாக்கியம் பேசியிருக்கலாமே! கத்தக் கூடாதுன்னு பேச்சுப் பயிற்சி தர்ற அந்தம்மா எத்தன தடவ சொன்னாங்க! இருந்ததெல்லாம் போச்சே!" என்று ஸ்டியரிங்கில் அடித்து அடித்து அழுதேன்.

அவர் ரெக்கார்டரைச் சுட்டிக் காட்டி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். பதிவாச்சா?

ஆச்சு என்று தலையாட்டினேன்.

இன்ஜினைக் கிளப்பும் முன்பே, அந்தக் காரிலேயே உட்கார்ந்து மூன்று நகல் எடுத்தேன். ஒன்று போனில், ஒன்று பென் டிரைவில், ஒன்று கடுகுக்கு. மூன்றையும் தனித்தனியாக, கார்டை வெளியே உருவி எடுத்துவிட்டு, முழுசாகக் கேட்டேன். நான்கு மணி அட்மிஷனுக்கு நான்கு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் முறைத்தார்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நாத்தனார் என் பக்கத்திலேயே இருந்தாள். அவளிடமும் சொன்னேன். அவள் கையை விலக்கிக்கொண்டாள்; பிற்பகல் ஆனபோது மறுபடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆள் பிழைத்துவிட்டார் என்று டாக்டர் வந்து சொன்னபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம்.

கடுகு என் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போய் நாலு நாள் உட்கார்ந்தான். அறுநூற்றுப் பன்னிரண்டில் தொண்ணூற்று மூன்று முழுசாகக் கிடைத்தன. மற்றதெல்லாம் பாதி, கால், மழை, கதவு. "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்று சொன்னபோது அவன் காரமே இல்லாமல் பேசினான். தொண்ணூற்று மூன்றையும் எழுபத்து நான்கையும் அந்தப் 'பிரேக்'கையும் சேர்த்து, 'டொம்'மோடு, அப்படியே கொடுத்தேன். "இது போதுமான்னு தெரியல. முயற்சி பண்றோம்" என்றார் பயிற்சியாளர்.

முயற்சி செய்தார்கள். மாஸ்டர் ஒரு பலகை மாதிரி இருக்கிற கருவியில் தட்டினால் அது பேசுகிறது. நல்ல குரலும் கெட்ட குரலும் கலந்துவிட்டதால், ஒரே வாக்கியம் கணீரென்று தொடங்கிக் கரகரத்து முடியும். முதல் தடவை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நன்றாக இருந்த நாளும் நான் பாழாக்கிய நாளும் ஒரே மூச்சில் பேசுவதுபோல இருந்தது. இப்போதும் முழுசாகப் பழகவில்லை.

ஐந்து வாரம் கம்ப்யூட்டரை நான் தொடவில்லை. அந்த அறைப் பக்கமே போகவில்லை. பிறகு வேலைகள் நெருக்கின. கடுகு புது டிஸ்க் ஒன்றைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனான். பழையது பக்கத்திலேயே இருந்தது, இனி அதில் எடுக்க ஒன்றுமில்லை, துடைத்துப் பிரித்துக் கிடங்குக்கு வைத்துக்கொள் என்றான். ஒரு நாள் முற்பகல், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். தொண்ணூற்று மூன்று வாக்கியங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று மறுபடி சரிபார்த்தேன். உடைந்த துண்டுகளையும் மழை பெய்கிற துண்டுகளையும்கூட எடுத்து வைத்திருந்தேன். அதையும் சரிபார்த்தேன். பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தேன்.

இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். தொடரலாமா?

கண்ணை மூடிக்கொண்டேன்.

டொம்.

"பிரேக்! பிரேக்!"

மவுஸை எங்கே எறிந்தேனோ தெரியாது, நாற்காலியோடு பின்னால் சரிந்தேன். திரும்பினால், கதவைத் திறந்துகொண்டு மாஸ்டர் நிற்கிறார், காரில் கத்தியதை அப்படியே ஏற்றிவைத்த கருவியை மார்போடு அணைத்தபடி. வாய் காதுவரை போயிருந்தது. தோள்கள் குலுங்கின, வயிறு குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. சத்தமே இல்லை. கழுத்தில் போட்டிருந்த துளையிலிருந்து மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது.

அவர் சத்தமில்லாமல் சிரிப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பட்டியலில் சிரிப்பு இல்லை. பதிவு செய்ய எனக்கும் தோன்றவில்லை.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினார்.

"பேக்கப் எடுத்தியா, சவுண்டு?" என்று கணீரென்று ஆரம்பித்துக் கரகரவென்று கேட்டது கருவி.

தரையில் கிடந்தபடியே மூன்று விரலைக் காட்டினேன்.